நாறுகிற வீட்டுக்கு நல்ல காலம்

இந்த வருஷம் சித்திரையிலிருந்து ஆடி வரைக்கும் மதுரையில் எந்த வீடு நாறியதோ, அந்த வீட்டுக்காரர் தெரு முழுக்க லட்டு கொடுத்தார்.

சத்தியமாகச் சொல்கிறேன். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறவன் நான். 'ஸ்ரீகுமார் ஜெராக்ஸ்' என்று போர்டு தொங்கும். அந்தக் கடையில் உட்கார்ந்த இடத்திலேயே பதினோரு லட்டு தின்றிருக்கிறேன். பதினொன்றும் நாற்றத்துக்கு வந்த லட்டு. ஏதோ லேசான நாற்றம் என்று நினைத்துவிடாதீர்கள். பீரோவுக்குப் பின்னால் எலி செத்து நாலு நாள் ஆனால் வருமே, அது. அந்த நாற்றம் வந்தால் வீட்டைப் பிடித்த பீடை வெளியே போகிறது என்று அர்த்தமாம். பீடை போன வீட்டில் பையனுக்கு வேலை, பெண்ணுக்கு வரன், பெரியவருக்கு முட்டிவலி குணம், எல்லாம் வரிசையாக வந்து வாசலில் செருப்பைக் கழற்றும் என்று நம்பினார்கள்.

ஊரே மூக்கைத் தூக்கிக்கொண்டு அலைந்தது. "சாப்பிட்டீகளா" என்று கேட்பதை விட்டுவிட்டு, "உங்க வீட்டுல நாறிருச்சா" என்று விசாரித்தார்கள். பைபாஸ் ரோட்டு அடுக்குமாடி ஒன்றில் மாடிப்படியில் நாற்றம் கிளம்பியது. அது தன் வீட்டு நாற்றம் என்று முதல் மாடிக்காரரும், இல்லை தன்னுடையது என்று கீழ் வீட்டுக்காரரும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். பெண் பார்க்க வந்த ஒரு மாப்பிள்ளையின் அம்மா, கேசரித் தட்டைக் கையில் வைத்தபடி மோந்து மோந்து பார்த்துவிட்டு, "வீடு என்னமோ சுத்தமாத்தான் இருக்கு. ஆனா ஒரு நாத்தத்தையும் காணோமே" என்று எழுந்து போனார். ஊதுபத்தி கொளுத்துவது நாற்றத்துக்கு அவமரியாதை என்று நின்றுபோனது. காஜிமார் தெரு சேக் இஸ்மாயில் பாயின் அத்தர் கடையில் ஈ ஓட்டலாம் என்றால் ஈயும் வரவில்லை. ஈயெல்லாம் நாறுகிற வீடுகளுக்குப் போயிருந்தன.

இத்தனைக்கும் காரணம் கந்தமூல சுவாமி.

கீழக்குயில்குடியில் சமணர் மலையைப் பார்த்தாற்போல் ஒரு தகரக் கொட்டகை. வியாழக்கிழமைதோறும் அங்கே திருவிழாக் கூட்டம். ஷேர் ஆட்டோக்காரர்கள் "சாமி சாமி சாமி" என்று கூவி ஆள் ஏற்றினார்கள். இளநீர் வண்டி, பஜ்ஜிக் கடை, செருப்புக்கு டோக்கன், டோக்கனுக்கு வரிசை. உள்ளே மஞ்சள் வேட்டியும் மார்பு வரை தாடியுமாக சுவாமி. அவர் கொடுப்பது ஒரு கிழங்கு. பெயர் ஆதிகந்தம். மஞ்சள் அப்பி, சிவப்புத் துணியில் சுற்றி, நடு மொட்டு மட்டும் வெளியே தெரியும்படி முடிச்சுப் போட்டிருக்கும். முடிச்சை அவிழ்த்துப் பார்த்தால் பார்த்த கண் போய்விடும். மலைமேல் முனிவர்கள் படுத்த கல்படுக்கைக்கு அடியில் ஆயிரம் வருஷம் தவம் கிடந்த கிழங்காம். உலகத்தில் வேறெங்கும் கிடைக்காதாம். கல்லுக்கு அடியில் கிழங்கு எப்படி விளையும் என்று யாரும் மேலே ஏறிப் பார்க்கவில்லை. ஏறினால் மூச்சு வாங்கும்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கிழங்கு வேலை செய்தது. மண் வேண்டாம், தண்ணீர் வேண்டாம். அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் சும்மா வைத்தால் போதும். ஒரு நாள் மொட்டு பருத்து, பிரிந்து, கத்தரிக்காய் நிறத்தில் தாம்பாளம் அகலத்துக்கு ஒரு பூ விரியும். நடுவில் மடிப்பு மடிப்பாக ஒரு குமிழ். தொட்டால் காய்ச்சல் கண்ட உடம்பாகச் சுடும். அப்புறம் நாற்றம். மண்ணும் தண்ணீரும் இல்லாமல் பூத்து நிற்கிற பூவுக்கு எதிரே நின்றுகொண்டு நியாயம் பேச யாருக்கு வாய் வரும்? சில வீடுகளில் பூ வராமல் வெறும் இலை மட்டும் வந்தது. இலை வந்தால் பாவம் பாக்கி இருக்கிறது. அடுத்த வியாழன் போய்ப் பெரிய கிழங்கு வாங்க வேண்டும். பெரிய கிழங்குக்குப் பெரிய காணிக்கை.

யாராவது போட்டுக்கொடுப்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். சுவாமியின் நோட்டீஸ் அத்தனையும் என் கடையில் அடித்ததுதான். நானும் ஒரு கிழங்கு வாங்கி மேசைக்கு அடியில் வைத்தேன். எனக்கு இலைதான் வந்தது. அந்தத் தாடிக்குள் இருக்கிற முகத்தை எங்கேயோ பார்த்த மாதிரியும் இருந்தது. ஆர்டர் வாங்கினவன் தாடிக்குள் எட்டிப் பார்க்க மாட்டான்.

நோட்டீஸில் கொட்டை எழுத்தில் போட்டது குட்டியைப் பற்றிய பகுதி. தாய்க்கிழங்கின் இடுப்பைச் சுற்றி எலுமிச்சங்காய் அளவில் குட்டிக்கிழங்குகள் ஒட்டியிருக்கும். ஆதிகந்தத்தின் வம்சம் அந்தக் குட்டிகளால் மட்டுமே பெருகும். குட்டியைக் கழற்ற சுவாமியின் கைக்கு மட்டுமே உரிமை. வேறு யார் கழற்றினாலும், தானாகவே விழுந்தாலும், அந்த வீட்டுப் பிள்ளை வீட்டை விட்டுக் கழன்றுபோய்விடும், திரும்பி வராது. ஆகவே பக்தர்கள் கிழங்கைப் பிள்ளை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு கீழக்குயில்குடி போவார்கள். சுவாமி மந்திரம் சொல்லிக் குட்டியைக் கழற்றுவார். கழற்றியதற்குக் காணிக்கை. கழற்றிய குட்டி சுவாமிக்குச் சொந்தம். அதற்கு மஞ்சள் அப்பி, துணி சுற்றி, இன்னொரு வீட்டுக்குக் கொடுப்பார். அதற்கும் காணிக்கை. கன்றுக்குட்டியையும் கொடுத்துக் காசும் கொடுத்துவிட்டுக் கும்பிட்டு வருகிற கூட்டத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இந்தக் குட்டி விஷயத்தில்தான் என் கடைக்கு மேல்வீட்டு வாலாம்பாள் மாட்டினார். கணவர் சிவசங்கரன் ஒரு பள்ளிக்கூடத்தில் எழுத்தர். ஒரே பெண் வர்ஷினி. வைகாசியில் ஒரு நாள் வாலாம்பாள் வீடு பெருக்கும்போது விளக்குமாறு பட்டுக் கிழங்கு உருண்டது. முடிச்சு நெகிழ்ந்து ஒரு குட்டி கழன்று அவர் காலடிக்கு வந்தது. இன்னொன்று கட்டிலுக்கு அடியில் ஓடியதை அவர் பார்க்கவில்லை. வர்ஷினி பார்த்தாள், எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

வாலாம்பாள் குட்டியை முந்தானையில் முடிந்துகொண்டு சுவாமியிடம் ஓடினார். சுவாமி கண்ணை மூடி வெகுநேரம் தலையாட்டினார்.

"தாயையும் குட்டியையும் மஞ்சக் கயித்தால சேத்துக் கட்டு. ஒட்ட மூணு வருசம் ஆகும். ஒட்டுற வரைக்கும் உன் பொண்ணு வைகையத் தாண்டக் கூடாது. தாண்டுனா, அவ முகத்த நீ பாக்குறது அன்னைக்குத்தான் கடைசி."

ஒற்றைப் பெண்ணைப் பெற்றவளிடம் இதைச் சொன்னால் அவள் என்ன ஆவாள்? வாலாம்பாள் கயிறு வாங்கிக் கட்டினார். காலையில் எழுந்ததும் முதலில் கயிற்றைத் தொட்டுப் பார்ப்பார், அப்புறம்தான் காப்பி.

ஆடியில் வர்ஷினிக்குத் திருநெல்வேலியில் கால்நடை மருத்துவப் படிப்புக்கு இடம் வந்தது. எட்டு வயதிலிருந்து எங்கள் தெரு நாய்களுக்குக் கட்டுப் போட்டு வளர்ந்த பெண். அந்தக் கடிதத்தை அச்சடித்துக் கொடுத்தவன் நான்தான். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் நேரில் வந்து சேராவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும் என்று கறுப்பாகப் போட்டிருந்தது. அன்று திங்கட்கிழமை. என் கடை வாசலிலேயே குடும்பத்தில் சண்டை.

"திருநெல்வேலி தெக்க இருக்கும்மா. அதுக்கு எதுக்கு வைகையத் தாண்டணும்?" என்றாள் வர்ஷினி.

"பஸ் மாட்டுத்தாவணியிலதான கெளம்புது. அது ஆத்துக்கு அங்கிட்டு இருக்கு" என்றார் சிவசங்கரன்.

"ரயில்ல போறேன்ப்பா. ஸ்டேஷன் இங்கிட்டு இருக்கு."

சிவசங்கரன் முகம் தெளிந்தது. ஆற்றைத் தாண்டாமலே போகிற வழி இருக்கிறதே என்று மனைவியைப் பார்த்தார். வாலாம்பாள் சுவாமிக்குப் போன் போட்டார். சுவாமி இரண்டு நிமிஷம் ஞானதிருஷ்டியில் பார்த்துவிட்டு, திருப்பரங்குன்றத்தையும் தாண்டக் கூடாது என்று சொன்னார். ரயில் பாதையைப் பார்த்துச் சாபத்தைத் திருத்துகிற சாமியை அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன்.

அப்பாவும் அம்மாவும் மாடிக்குப் போன பிறகு வர்ஷினி கடிதத்தை மடித்தபடியே அழுதாள். "மூணு வருசம் கழிச்சுப் போனா இந்தச் சீட்ட எனக்காக வச்சிருப்பாகளா மாமா?" என்று கேட்டாள். அவளைக் கட்டிப்போட்ட அந்த நோட்டீஸ் கட்டு என் முழங்கைக்குக் கீழேதான் இருந்தது.

அப்போது கடையில் ஆயிஷா சித்திகா இருந்தார். அத்தர் கடை சேக் இஸ்மாயில் பாயின் மனைவி. மொட்டைமாடியில் பெயின்ட் வாளிகளில் கிழங்குச் செடி வளர்ப்பவர். வௌவால் மாதிரிக் கறுப்பாகப் பூக்கிற கிழங்கு, கையளவே வளர்கிற கிழங்கு என்று எங்கெங்கேயோ தேடிப் பிடித்து, குட்டி பிரித்துப் பெருக்கி, தேங்காய் நாரில் பொதிந்து ஊர் ஊராகக் கூரியரில் அனுப்புவார். முகவரிச் சீட்டு அடிக்க வாராவாரம் என்னிடம் வருவார். குனிந்து பையை எடுத்தவர் என் மேசைக்கு அடியில் பார்த்தார்.

"அண்ணே, இது என்ன, சேனைக்கெழங்குக்குச் சேல கட்டி வச்சிருக்கீக?"

"ஆயிஷாம்மா, அது ஆதிகந்தம். தொடாதீக" என்றேன்.

அவர் தொட்டார். முடிச்சையே அவிழ்த்தார். கண் இரண்டும் இருந்த இடத்திலேயே இருந்தன. மஞ்சளை விரலால் வழித்துவிட்டுக் கிழங்கை என் மேசைமேல் வைத்தார். சேனைக்கிழங்கு. முந்தா நாள் என் வீட்டில் வறுவலாக வந்த அதே சேனைக்கிழங்கு.

"பூக்குதே ஆயிஷாம்மா. மண்ணு தண்ணி இல்லாம பூக்குதே. சேனை பூத்து எங்கயாச்சும் பாத்திருக்கீகளா?"

"நீங்க எப்பண்ணே பூக்க விட்டீக? வாங்கிட்டு வந்த மறுநாளே வறுத்துப்புடுறீக. பெருசா வளந்த கெழங்கச் சும்மா போட்டு வைங்க, பருவம் வந்தா அதுபாட்டுக்குப் பூக்கும். பூக்க வேண்டிய சத்து அம்புட்டும் உள்ளயே இருக்கு. சின்னக் கெழங்குல அம்புட்டுச் சத்து இருக்காது, அதான் இலையோட நிக்குது. பாவமும் கெடையாது, புண்ணியமும் கெடையாது. எடைதான்."

"அப்ப அந்த நாத்தம்?" என்று வர்ஷினி மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள்.

"ஈயக் கூப்புடுதும்மா. செத்த கறி கெடக்குன்னு நெனச்சு ஈயும் வண்டும் வரும். வந்து மகரந்தத்த ஒட்டிக்கிட்டு அடுத்த பூவுக்குப் போகும். ஈ வரட்டும்னுதான் அது நாறுது. மனுசன் லட்டு வாங்கிட்டு வருவான்னு அதுக்கு என்ன தெரியும்?" என்றவர் கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். "எங்க வீட்டுக்காரவுக கடையிலயும் ஒண்ணு வச்சிருக்காகண்ணே. அத்தர் பெட்டிக்குப் பின்னால ஒளிச்சிருந்தாக. எட்டு வருசமா என் மாடியில கெழங்கப் பாக்குற மனுசன்."

வர்ஷினி பையிலிருந்து போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். அவள் படித்து முடித்த பள்ளிக்கூடத்துப் பின்புறத்தில் ஒரு பழைய வாளி. அதில் முழங்கால் உயரத்துக்கு ஒரு குடை இலை. கட்டிலுக்கு அடியில் ஓடிய குட்டி. சும்மா நட்டுப் பார்த்திருக்கிறாள்.

"குட்டியப் பிரிச்சா பிள்ளை போயிரும்னு சொல்றாகளே ஆயிஷாக்கா. நான் இன்னும் இங்கதானே இருக்கேன்?"

"நான் இதுவரைக்கும் ஆயிரம் குட்டி கழட்டியிருப்பேன்ம்மா. எனக்கு ரெண்டு பயலுக. சாப்பாட்டு நேரத்துக்கு ஒருத்தனும் எங்கயும் போறதில்ல. தாயோட ஒட்டிக்கிட்டே கெடந்தா குட்டி காலத்துக்கும் குட்டிதான். கழட்டித் தனியா நட்டாத்தான் அது கெழங்காகும்."

இதையெல்லாம் வாலாம்பாளிடம் போய்ச் சொன்னோம். அவர் காதைப் பொத்திக்கொண்டார். சுவாமியைவிட உங்களுக்கு அதிகம் தெரியுமா என்று கேட்டார். அப்போதுதான் வர்ஷினி அந்தப் பந்தயத்தைக் கட்டினாள். நோட்டீஸில் நானே அடித்த ஒரு வரி இருந்தது. 'பத்தாயிரம் கிழங்கின் நடுவே கிடந்தாலும் ஆதிகந்தத்தின் மூச்சு சுவாமியின் காதுக்குக் கேட்கும்.' பத்தாயிரம் வேண்டாம், பத்து போதும். ஐந்து சுவாமியின் கிழங்கு, ஐந்து மார்க்கெட் கிழங்கு. சுவாமி தன்னுடைய ஐந்தைப் பிரித்துவிட்டால் வர்ஷினி கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுவாள்.

"மூணு வருசம் இல்லம்மா. ஆயுசுக்கும் உன்கூடயே இருக்கேன். சாமி பிரிக்கலேன்னா என்னைய ரயிலேத்தி விட்டுரணும்."

"சாமிக்குத் தெரியாமலா இருக்கும்" என்று வாலாம்பாள் உடனே ஒப்புக்கொண்டார். அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. குருட்டாம்போக்கில் ஐந்தும் சரியாக விழுந்துவிட்டால்? இருநூற்று ஐம்பத்திரண்டில் ஒரு தடவை அப்படி நடக்கலாம் என்று வர்ஷினி கணக்குப் போட்டுச் சொன்னாள். அந்த ஒன்றை நினைத்து இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் கிழங்குக் கடை சீனியம்மாளிடம் ஆயிஷா ஐந்து சேனை எடுத்தார். எதற்கு என்று தெரிந்ததும் சீனியம்மாள் கடையை மகளிடம் விட்டுவிட்டு, "எங் கெழங்குக்குச் சபையில மரியாதையா, நானும் வாரேன்" என்று ஆட்டோவில் ஏறிக்கொண்டார்.

வியாழக்கிழமை மாலை நாலு மணி. கொட்டகையில் நிற்க இடமில்லை. எங்கள் தெருக்காரர் மூன்று பேர் முன்கூட்டியே தங்கள் கிழங்கைக் கொடுத்திருந்தார்கள். சேக் இஸ்மாயில் பாய் மனைவியின் முகத்தைப் பார்க்காமல் தன்னுடையதைக் கொடுத்திருந்தார். ஐந்தாவது வாலாம்பாளுடையது. கயிற்றை அவிழ்த்துக் கட்டிவைத்த குட்டியை ஒரு டப்பாவில் போட்டு மடியில் வைத்துக்கொண்டார். ஆயிஷா எல்லாவற்றையும் அவிழ்த்து மறுபடி கட்டியதில் பத்துக் கிழங்குக்கும் ஒரே மஞ்சள், ஒரே சிவப்புத் துணி. உள்ளே ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சீட்டு. ஐந்தில் வீட்டுக்காரர் பெயர், ஐந்தில் 'சீனியம்மாள் கடை'. நான் அடித்துக் கொடுத்த சீட்டு. அடித்த பாவத்தை அடித்தே கழிக்கலாம் என்று ஒரு நப்பாசை.

வர்ஷினி கை கூப்பிக்கொண்டு மைக்கைப் பிடித்தாள். "சாமி, உங்க அஞ்சு கெழங்கோட மார்க்கெட் கெழங்கு அஞ்சு கலந்துபோச்சு. பிரிச்சுக் குடுங்க" என்று சொல்லிவிட்டு, நோட்டீஸில் இருந்த அந்த வரியைச் சத்தமாக வாசித்தாள். கூட்டம் சிலிர்த்துப்போய்க் கை தட்டியது. சுவாமியின் கண் கொட்டகையைச் சுற்றி ஒரு வழியைத் தேடியது. நோட்டீஸ் ஆயிரம் பேர் கையில் இருந்தது. மறுக்க வழியில்லை.

சுவாமி ஒவ்வொரு கிழங்காக எடுத்துக் காதில் வைத்தார். சிலதைக் கன்னத்தில் தேய்த்தார். ஒன்றிடம் ரகசியம் பேசினார். ஒன்று பதில் சொல்லியது போலிருக்கிறது, சிரித்துக்கொண்டார். நாலாவதை எடுத்துக் குலுக்கிப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"இதுல உசுரே இல்ல. இது வெறும் காய். கொழம்புல போட்டாலும் வேகாது" என்று ஓரமாகத் தூக்கி எறிந்தார். கூட்டம் சிரித்தது. ஒருவழியாக ஐந்தைப் பட்டுத் துணியில் அடுக்கிக் கற்பூரம் காட்டினார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. வாலாம்பாளும் போட்டுக்கொண்டார். வர்ஷினியின் கை என் சட்டையைப் பிடித்திருந்தது.

ஆயிஷா ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்துச் சீட்டை மைக்கில் வாசித்தார்.

"கற்பூரம் வாங்குனதுல முதலாவது, சீனியம்மாள் கடை. ரெண்டாவது, சேக் இஸ்மாயில். மூணாவது, சீனியம்மாள் கடை. நாலாவது, சீனியம்மாள் கடை."

ஐந்தாவது, எங்கள் தெருக்காரர் ஒருவருடையது. ஐந்தில் இரண்டு. ஒரு ஆட்டுக்குட்டியின் கண்ணைக் கட்டிவிட்டு முட்டச் சொன்னாலும் அந்த அளவுக்கு முட்டியிருக்கும்.

சுவாமி லேசுப்பட்டவர் இல்லை. கண்ணை மூடித் திறந்தார். "என் கை பட்டதும் அந்த மூணுக்கும் அருள் ஏறிருச்சு. இப்ப எல்லாமே ஆதிகந்தம்தான்" என்றார். என்ன சொல்ல, முன்வரிசையில் நாலைந்து பேர் மறுபடியும் கை கூப்பிவிட்டார்கள்.

"அப்பச் சரி. இனிமே எல்லாரும் சீனியம்மா கடையிலயே கெழங்கு வாங்கிட்டு வந்து, சாமியை ஒரு தடவ தொடச் சொல்லி எடுத்துட்டுப் போயிருவோம். தொடுறதுக்கு என்ன செலவு? காணிக்கை எதுக்கு?" என்றார் ஆயிஷா.

கூட்டம் அங்கேதான் யோசிக்க ஆரம்பித்தது. தத்துவத்தில் யோசிக்காதவர்கள் காணிக்கையில் யோசித்தார்கள். சுவாமி அருளின் விதிமுறைகளை விளக்க வாயைத் திறந்ததும், பின்னாலிருந்து சீனியம்மாள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்தார்.

"இந்தக் குரல் எனக்குத் தெரியுமே. ஏலே, நீ எலி மருந்து காளைதானே?"

தாடிக்குள் இருந்த முகம் எனக்கு அப்போது சட்டென்று பிடிபட்டது. மூன்று வருஷத்துக்கு முன் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் மைக் வைத்து எலி மருந்து விற்ற காளை. பாக்கெட் ஸ்டிக்கர் அடித்ததும் என் கடைதான்.

"சித்திரையில இருந்து வாராவாரம் ஆட்டோ அனுப்பி மூட்டை மூட்டையாச் சேனை எடுக்குறான். குட்டியோட இருக்குறதா வேணுமாம். எதுக்குடான்னு போன்ல கேட்டா, கல்யாணச் சமையலுக்காம். எம்புட்டுக் கல்யாணம்டா நடக்குது உங்க ஊர்ல?" என்றார் சீனியம்மாள்.

பின்னால் எல்லாம் தெரியவந்தது. எலி செத்து நாறுகிறது, உன் மருந்தால் வந்த வினை, வந்து எடு என்று ஒரு வீட்டில் காளையைக் கூப்பிட்டிருக்கிறார்கள். தேடிப் பார்த்தால் எலி இல்லை. மூலையில் மறந்துபோன சேனை ஒன்று பூத்து நின்றது. எலிக்கு வைத்த மருந்தில் அவனுக்குக் கிடைத்த வருமானம் கொஞ்சம். அந்தப் பூவைப் பார்த்து வீட்டுக்காரர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டதைப் பார்த்ததும் தொழிலை மாற்றிக்கொண்டான்.

ஆனால் அந்தக் கொட்டகையில் அன்றைக்குக் கூட்டத்தை முடித்துவைத்தது ஆயிஷாவோ சீனியம்மாளோ இல்லை. வாலாம்பாள். அவர் ஓரத்தில் எறியப்பட்டுக் கிடந்த கிழங்கை எடுத்து, முடிச்சை அவிழ்த்து, சீட்டைப் பார்த்தார். 'வாலாம்பாள்' என்று இருந்தது.

"சாமி, இது என் வீட்டுக் கெழங்கு" என்றார். குரல் உடைந்திருந்தது. "இதோட குட்டி விழுந்துச்சுன்னுதான் என் பொண்ண மூணு வருசத்துக்கு வீட்டுல கட்டிப்போடச் சொன்னீங்க. இன்னைக்கு இதையே வெறும் காய்ங்குறீங்க. அன்னைக்குச் சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொன்னது பொய்யா?"

வாலாம்பாள் மடியிலிருந்த டப்பாவைத் திறந்தார். ஒன்றரை மாதம் தினமும் தொட்டுக் கும்பிட்ட குட்டி சுருங்கி, கயிறு அழுத்திய இடத்தில் அழுகி இருந்தது. வர்ஷினி ஆட்டோவிலிருந்து வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் வைத்தாள். குடை இலை காற்றில் ஆடியது.

"அன்னைக்கு ரெண்டு குட்டி விழுந்துச்சும்மா. இது அதோட கூடப் பொறந்தது."

வாலாம்பாள் டப்பாவைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார். அப்புறம் கூட்டத்துக்கு நடுவிலேயே மகளைக் கட்டிக்கொண்டு அழுதார். "எனக்குப் பயம்டி. நீ போயிட்டா வீட்டுல யாருகூடப் பேசுவேன்னு எனக்குப் பயம். அதை எப்படிச் சொல்றதுன்னு தெரியல, அந்த ஆளு சொன்னதப் பிடிச்சுக்கிட்டேன்" என்றார். எனக்கும் கண் கலங்கியது. அந்தக் கொட்டகையில் அன்றைக்குப் பேசப்பட்ட முதல் உண்மை அதுதான்.

இதற்குள் சுவாமி கொட்டகையின் பின்பக்கமாக மலையை நோக்கி ஓடியிருந்தார். ஆயிரம் வருஷத் தவம் நடந்த இடத்துக்குப் போகிற படிதான். முப்பதாவது படியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். இளநீர் வண்டிக்காரர் மேலே போய்ப் பிடித்துக்கொண்டு வந்தார். போலீஸ் வருவதற்குள் சுவாமி ஒரு இளநீர் கேட்டார். வண்டிக்காரர் காணிக்கை கேட்டார்.

வெள்ளிக்கிழமை மதுரை முழுக்கச் சேனை வறுவல். புளித்தண்ணீரில் வேகவைக்காமல் அவசரப்பட்டு வறுத்தவர்களுக்கு நாக்கு அரித்தது, அது மட்டும்தான் ஆதிகந்தம் நிஜமாகச் செய்த வேலை. ஊதுபத்தி மறுபடியும் புகைந்தது. சேக் இஸ்மாயில் பாய் கடையில் கூட்டம் தாங்காமல் கதவை மூடி மூடித் திறந்தார். அன்று காலை ரயிலுக்கு வர்ஷினியை வழியனுப்ப நானும் போயிருந்தேன். வாலாம்பாள் டிபன் டப்பாவைக் கையில் திணித்து, "சேனை வறுவல் வச்சிருக்கேன். அந்தக் கெழங்குதான். நல்லாத்தான் வெந்துச்சு" என்றார். திருப்பரங்குன்றம் தாண்டியதும் வர்ஷினி போன் பண்ணினாள். அம்மாவும் பெண்ணும் விருதுநகர் வரைக்கும் பேசிக்கொண்டே இருந்தார்கள்.

போன வாரம் ஒருவர் என் கடைக்கு வந்தார். கையில் ஒரு செம்பு, பையில் ஒரு நோட்டீஸ் வாசகம். செம்புத் தண்ணீரைத் தெளித்தால் வழக்கு ஜெயிக்குமாம், சர்க்கரை இறங்குமாம். ஐயாயிரம் பிரதி வேண்டும் என்றார். "இதுல ஏதாச்சும் ஒரு வரிய இந்த மேசை மேல செஞ்சு காட்டுங்கண்ணே, உடனே அடிச்சுத் தாரேன்" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போனார். இப்போது அங்கே மிஷின் ஓடுகிற சத்தம் கேட்கிறது.

அந்த நோட்டீஸ் உங்கள் கைக்கும் வந்து சேரும். செம்பைத் தேடிக் கிளம்புவதற்கு முன் சேனைப்பூவை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள். அது நாறியது ஈக்காக. ஈக்கு யோசிக்கத் தெரியாது, அது வந்ததில் தப்பே இல்லை.